பூசணிக்காய்மேல் போட்ட சிவப்புக் கோடு

பிள்ளைகளே, உங்கள் பெரியக்கா மூன்றாம் வகுப்பு படித்தபோது நான் செய்த தப்பை மறைக்காமல் சொல்கிறேன்.

அப்போது அம்பத்தூரில் ஒரு பட்டறையில் எனக்குச் செக்கர் வேலை. பழுதான சாமானில் சிவப்புக் கோடு போடுவேன். ஒருநாள் அவளுடைய அறிவியல் நோட்டில், "பூசணிக்காய் மிதக்கும்" என்று எழுதியிருந்தாள். வீட்டிலிருந்த பூசணியைத் தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். அதே சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டு, "மூழ்கும்" என்று எழுதினேன்.

"நாளைக்குத் தண்ணில போட்டுப் பாக்கலாம்னு டீச்சர் சொன்னாங்கப்பா."

"பாக்கறதுக்கு இன்னா கீது? இம்மாங் கனம் மிதக்குமா? கல்லு மாரி முங்கிப்பூடும்."

அவள் முகம் சுருங்கிவிட்டது.

மறுநாள் அந்தப் பூசணியை சைக்கிளில் கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். தொட்டியில் போட்டார்கள். மிதந்தது! என் தப்புக்குக் குழந்தை அடி வாங்கப்போகிறாளே என்று வாசலில் நின்ற எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"நோட்டுல மூழ்கும்னு இருக்கே?" என்றார் டீச்சர்.

"அது எங்கப்பா எழுதனது டீச்சர். அவரு தூக்கித்தான் பாத்தாரு, தண்ணில போட்டுப் பாக்கல."

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, "சரி, நீ பாத்ததை எழுதும்மா" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான் படித்த ஐந்து வகுப்பிலும் ஒப்பிக்கத்தான் சொன்னார்கள். போட்டுப் பார் என்று யாரும் சொன்னதில்லை. அடி விழவில்லை என்பதைவிட, என் பேச்சுக்காக அவள் தன் கண்ணைச் சந்தேகப்படவில்லை என்பதுதான் பெரிய நிம்மதி.

சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லாதபோது, திரும்பக் கொண்டுவந்த அந்தப் பூசணியை அண்டாத் தண்ணீரில் போட்டு, இரண்டு கையாலும் அழுத்தினேன். கையை எடுத்ததும் மேலே வந்தது.