மாதம் ஏழு ஊசி

மாதத்தில் ஏழு நாள் வேலை, மூன்று வாரம் விடுமுறை. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வாய்த்த உத்தியோகம், ஊசி போட்டுக்கொள்வது. என் எலும்பு மஜ்ஜை ரத்தம் ஊற வைப்பதை மறந்துவிட்டது. அதற்கு நினைவூட்ட, வயிற்றுத் தோலுக்கடியில் தினம் ஒரு கீமோ ஊசி. அது பலிக்கும்வரை மாதாமாதம் அடுத்தவர் ரத்தம் ஏற்ற வேண்டும். "ஆறு மாசம் பாக்கலாம். பலிக்கலைன்னா, இந்த வயசுக்கு வேற மருந்து கஷ்டம்" என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். இதே வேலையில் இருப்பவர்களுக்கு அந்த ஆறு மாதத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை.

பாத்தி

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. அதனால் பக்கத்து வீட்டு அஞ்சலை மரக்காணத்திலிருந்து புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்தாள். இரண்டாம் நாள், முதல் ஊசி போட்ட இடம் சிவந்து தடித்திருந்தது. நர்ஸ் விரலால் அளந்து வேறிடம் தேடினாள். அஞ்சலை எட்டிப் பார்த்தாள்.

"அப்டித்தான் சிஸ்டர். ஒரே பாத்தியில தெனமும் வாருனா உப்பா வரும்? சேறுதான் வரும்."

உள்ளங்கை

மருந்து நீர்த்த கஞ்சி நிறத்தில் இருக்கும். நர்ஸுக்கு இரண்டு அடுக்குக் கையுறை, நீண்ட அங்கி. மேலே பட்டாலே ஆபத்தாம். எனக்கு உள்ளேயே போகலாம். போடுவதற்கு முன் சிரிஞ்சை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, கும்பிடுவதுபோல் உருட்டுவாள். ஒரு நாள், "எனக்காக வேண்டிக்கிறியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, மருந்து அடியில தங்கிடும், அதான். நீங்க வேண்டிக்கிறதுன்னா வேண்டிக்குங்க, இன்னும் கொஞ்சம் உருட்டுறேன்."

உப்பு

மூன்றாம் மாதம் நாக்கு செத்துப்போனது. வீட்டு ஜன்னலுக்கு வெளியே கீற்று மூடிய உப்புக் குவியல்கள். தட்டில், அஞ்சலை வைத்த மீன் குழம்பில் உப்பே இல்லை. போடு என்றேன். போட்டாள். இன்னும் என்றேன். தானும் ஒரு வாய் வைத்துப் பார்த்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஊருக்கே உப்பு வாரிப் போட்றேன். ஒங்க நாக்குக்கு மட்டும் எட்டலியேம்மா."

பாய் கூட்டி வந்தவர்கள்

கோட்டக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால், மிச்ச தூரத்துக்கு பஷீர் பாயின் ஆட்டோ. ரத்தம் கொடுக்க ஆளில்லாமல் முதல் மாதம் நான் அழுததைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார். அதிலிருந்து, துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் பையன்களில் இரண்டு பேரை, ஒவ்வொரு முறையும் புதிதாக, ரத்தம் ஊற ஈரல் வறுவல் வாங்கிக் கொடுத்து, ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார். நன்றி சொன்னால் கூச்சத்தோடு போனைப் பார்ப்பார்கள்.

ஆறாம் மாதம். உப்பு வாரும் காலம் தொடங்கியும் அன்று அஞ்சலை வேலைக்குப் போகவில்லை. டாக்டர் ரிப்போர்ட்டை மறுபடி ஒருமுறை பார்த்தார். "இந்த மாசம் ரத்தம் வேணாம். ஒங்க எலும்பு வேலைய ஆரம்பிச்சிடுச்சு" என்றார். அஞ்சலையின் காய்த்துப்போன கை என் கையை இறுக்கியது. வெளியே வந்து பாயிடம் சொன்னேன்.  அவர் பையன்கள் பக்கம் திரும்பினார்.

"டேய், அம்மாக்கு வேணாமாம், அல்ஹம்துலில்லாஹ். ஈரல் வறுவல்லாம் துன்னுட்டு சும்மா திரும்பாதீங்க, உள்ள போய் வேற யாருக்காச்சும் குடுத்துட்டு வாங்கடா."

பலித்துக்கொண்டிருக்கும் வரைக்கும் ஊசி தொடருமாம், ஆகவே வேலை போகவில்லை. ஊரார் ரத்தத்தைக் குடிக்கிறவள் என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட பெயர்தான் போயிற்று.