மஞ்சித் சொன்னால் ஏறணும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. துவாரகாவில் எங்கள் செக்டார் மைதானம். பனியும் புகையும் கலந்து எதிர்ப்பக்க கோல் போஸ்ட் பாதிதான் தெரிகிறது. அந்த மங்கலுக்குள் ஒரு பஞ்சாபிப் பெண் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறாள்.

"ஏறு… ஏறு… ஏறு…"

தமிழ்தான். றகரத்தில் மட்டும் கொஞ்சம் லூதியானா அடிக்கிறது. மற்றபடி தமிழேதான்.

டெல்லியில் ஒரு பஞ்சாபிக்காரி தமிழில் கட்டளை போடுகிறாள், இரண்டு வடக்கத்திப் பெண்கள் அதற்குக் கீழ்ப்படிந்து ஓடுகிறார்கள் என்றால் எனக்குப் பெருமையாக இருக்க வேண்டுமா, இல்லையா?

வயிறு எரிந்தது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் மூட்டுவலியும் தெரியும், அது எதனால் வந்தது என்றும் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன் – நான் கால்பந்து ஆடுகிறேன். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான ஞாயிற்றுக்கிழமை லீக். டெல்லியின் குடியிருப்புகள் ஆளுக்கொரு அணி வைத்திருக்கின்றன. எங்கள் அணியில் டீச்சர் உண்டு, பல் டாக்டர் உண்டு, இரண்டு பேரப்பிள்ளை எடுத்தவர்கூட உண்டு. சிரிக்காதீர்கள். தொண்ணூறு நிமிஷம் இல்லை, அறுபதுதான். அதையும் ஓடிப் பாருங்கள்.

மஞ்சித் எனக்கு மேல்மாடி. ஏர்போர்ட்டில் வேலை. என் டெல்லி வாழ்க்கையில் கிடைத்த ஒரே நெருங்கிய சிநேகிதி. சரோஜினி நகரில் ஸ்வெட்டருக்குப் பேரம் பேச அவள் இல்லாமல் நான் போனதில்லை. அணியில் சேர்ந்ததும் சேர்ந்தேதான். எங்கள் பழைய கோச், ரிடையர்டு கர்னல், எங்கள் இருவரையும் டிஃபென்ஸில் போட்டார். மஞ்சித் முன்னால், நான் அவளுக்கும் பின்னால். எல்லோரையும் தாண்டி வருகிற பந்தைக் கடைசியில் நான்தான் நிறுத்த வேண்டும்.

"மேடம், நீங்கதான் என் கடைசிச் சுவர்" என்பார் கர்னல், ஹிந்தியில், மீசையைத் தடவிக்கொண்டு.

சுவர் நன்றாகவே வேலை செய்தது. விழுந்து தடுப்பேன். புரண்டு தடுப்பேன். கோல் கோட்டின் மேல் நின்று தலையால் முட்டி வெளியே தள்ளுவேன். நாங்கள் பெரும்பாலும் தோற்போம் – ஆனால் தோற்ற மேட்சிலும் எல்லோரும் என் முதுகில்தான் தட்டிவிட்டுப் போவார்கள். "நீ இல்லாட்டி இன்னும் நாலு கோல் விழுந்திருக்கும்." இதைவிட ருசியான வாக்கியம் உலகத்தில் உண்டா?

கர்னல் மகளோடு இருக்கப் புனே போய்விட்டார். மழை ஓய்ந்ததும் புது ஹெட் கோச் வந்தார். கலைச்செல்வி. வயது முப்பத்து சொச்சம், வியாசர்பாடிக்காரர், கணவருக்கு விமானப்படையில் டெல்லி போஸ்டிங். தமிழ் கோச் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாளே டப்பாவில் அடை எடுத்துப்போனேன். அடையை வாங்கிக்கொண்டார். சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு ஆட்டத்தைப் பார்த்தார்.

பிராக்டிஸ் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, நீங்க இன்னாத்துக்கு அவ்ளோ பின்னாடி நிக்கிறீங்க?"

"கடைசி ஆளு நான்தானே. யாராவது தாண்டி வந்துட்டா நான்தானே பாத்துக்கணும்."

"நீங்க அங்க நிக்கிறதாலதான்க்கா தாண்டி வர்றாங்க."

எனக்குப் புரியவில்லை. மைதானத்து ஓரத்தில் நாங்கள் கழற்றிப்போட்டிருந்த செருப்புகளில் நான்கை எடுத்து வரிசையாக வைத்தார். அதில் ஒன்றை மட்டும் பின்னால் இழுத்தார். அது என் செருப்பு.

ஆஃப்சைட் விதி தெரியாதவர்களுக்கு ரொம்பச் சுருக்கமாக: கோல்கீப்பரைத் தவிர்த்து நம் கடைசி ஆள் எங்கே நிற்கிறாளோ, அதுதான் எல்லைக்கோடு. பந்து அடிக்கப்படும் நொடியில் எதிரணிக்காரி அந்தக் கோட்டைத் தாண்டி நின்றால் தப்பாட்டம், கொடி தூக்கிவிடுவார்கள். நம் ஆட்கள் நாலு பேரும் வரிசையாக மேலே ஏறி நின்றால், அவளும் பின்வாங்கித்தான் நிற்க வேண்டும். ஒருத்தி மட்டும் கோல் பக்கத்தில் தனியாக நின்றாலோ… அவ்வளவு தூரமும் எதிரணிக்குத் திறந்த வீடு.

அந்த வீட்டுக் கதவை இத்தனை வருஷமாகத் திறந்து வைத்தவள் நான். பிறகு ஓடி ஓடித் திருடனைப் பிடித்துக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

ஆக, புது டிஃபென்ஸ். நாலு பேர், ஒரே வரிசை. ஏறினால் சேர்ந்து ஏற வேண்டும், இறங்கினால் சேர்ந்து இறங்க வேண்டும். எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது என்பதை ஒருத்தி சொல்வாள், மற்ற மூவரும் கேள்வி கேட்கக் கூடாது. கோச் அவசரத்தில் தமிழில்தான் கத்துவார். அந்த இரண்டு வார்த்தையும் அப்படியே எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டன. ஏறு. இறங்கு.

தமிழ் வார்த்தை. சொல்ல ஒரு ஆள் வேண்டும். நான் தொண்டையைக் கனைத்துத் தயாராக நின்றேன்.

"மஞ்சித் சொல்லட்டும்" என்றார் கோச். "நீங்க வலது ஓரம் போங்கக்கா."

"ஏன், எனக்குத் தமிழ் வராதா?"

அவர் சிரிக்கவில்லை. "நீங்க பந்த மட்டும் பாக்குறீங்க. அவங்க ஆளப் பாக்குறாங்க. எவ ஓடப்போறான்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியுது."

நியாயமான பதில்தான். நியாயமான பதிலைக் கேட்டு யாருக்காவது மனசு ஆறியிருக்கிறதா?

அதன் பிறகு பிராக்டிஸ் முடிந்தும் அவர்கள் இருவர் மட்டும் மைதானத்தில் நிற்பார்கள். நான் காரில் காத்திருப்பேன். அப்புறம் காத்திருப்பதை விட்டேன். வெளி மேட்சுக்கு மெட்ரோவில் எங்களோடு வரும்போதுகூட மஞ்சித் காதில் இயர்ஃபோன் – கோச் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். ஒருநாள் சாயங்காலம் கொஞ்சம் ரசம் கொடுத்துவிட்டு வரலாம் என்று மேலே போனேன். மஞ்சித் வீட்டு டைனிங் டேபிளில் ஊறுகாய் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. எதிரே கோச், ராஜ்மா சாவல் சாப்பிட்டபடி ஒரு பாட்டிலை நகர்த்திக்கொண்டிருக்கிறார். அவர் உட்கார்ந்திருந்தது, நான் எப்போதும் உட்காரும் நாற்காலியில்.

"வாங்க வாங்க" என்றாள் மஞ்சித் என்னைப் பார்த்து. தமிழில்.

இத்தனை வருஷம் நான் சொல்லிக்கொடுத்தபோது 'வணக்கம்' என்பதற்கே நாக்கு சுளுக்கிக்கொள்கிறது என்றவள் அவள். ரசத்தை வைத்துவிட்டு அடுப்பில் பால் இருக்கிறது என்று இறங்கி வந்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் மொபைலில் இருந்து தலையைத் தூக்காமல், "ஆனா மஞ்சித் நல்லாத்தான் கத்துறா" என்றார். அன்றைக்கு அவருக்குத் தோசை கொஞ்சம் கருகியிருக்கலாம்.

ஆரம்பத்தில் புது டிஃபென்ஸ் படுதோல்வி. மூன்று பேர் ஏறினால் ஒருத்தி நின்றுவிடுவாள். அந்த ஒருத்தி சில சமயம் நான். கோல் மேல் கோல் விழுந்தது. வெளியே 'உச்' கொட்டினேன்; உள்ளே யாரோ சூடாக ஜிலேபி போட்டுக்கொண்டிருந்தார்கள். கோச்சிடம் போய் ரொம்ப அக்கறையாகக் கேட்டேன்.

"பழையபடி நான் பின்னாடி போயிடட்டுமா கலை? டீமுக்காகத்தான் சொல்றேன்."

"கொஞ்ச நாள் குடுங்கக்கா."

"தோத்துட்டே இருக்கோமே."

"முன்னாடியும் தோத்துட்டுதானே இருந்தீங்க?" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் இன்னும் வலித்தது.

அன்றிரவு அணியின் வாட்ஸப் குரூப்பில் 'மூட்டுவலி, இனி வர முடியாது' என்று டைப் செய்தேன். அனுப்பவில்லை. அனுப்பினால் ஐந்து நிமிஷத்தில் மஞ்சித் வெந்நீர்ப் பையோடு கதவைத் தட்டுவாள். அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கும்போது எப்படி அவள்மேல் பொறாமைப்படுவது?

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். எதிரணி ஜனக்புரி. ஒவ்வொரு வருஷமும் எங்களைத் துவைத்துக் காயப்போடும் அணி. அவர்களுடைய ஃபார்வர்டு பிருந்தா ஒரு தமிழ்ப் பெண், பேங்கில் ஆபீசர், திருச்சிப் பக்கம். கால் என்று நினைத்தால் கால் இல்லை, ஸ்கூட்டர். இந்த மேட்சில் தோற்றால் நாங்கள் லீக்கின் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். டிரா செய்தால் தப்பித்தோம்.

"ஏறு" என்றாள் மஞ்சித். ஏறினோம். பிருந்தா தாண்டி ஓடினாள். கொடி மேலே போனது. மறுபடி ஓடினாள், மறுபடி கொடி. பந்து வெளியே போன ஒரு இடைவெளியில் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"என்னக்கா, இன்னிக்கு ஓரத்துல நிக்கிறீங்க? எப்பவும் பின்னாடில்ல நிப்பீங்க?"

"ஏன்மா கேக்குற?"

"இல்லக்கா, நீங்க பின்னாடி நின்னா எனக்குக் கொஞ்சம் வசதியா இருக்கும்."

கிண்டலே இல்லை. பஸ்ஸில் வழக்கமான ஜன்னல் சீட் கிடைக்காதவள் மாதிரி, உண்மையான வருத்தத்தோடு சொன்னாள்.

எத்தனை வருஷத்துக் கைதட்டல்… அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. கோச் செருப்பை வைத்துச் சொன்னபோது தலையில்தான் ஏறியது. இத்தனை வருஷம் கோல் போட்டவளே சொன்னபோது இன்னும் கீழே எங்கோ போய் உட்கார்ந்தது.

இரண்டாம் பாதியில் ஒரு சங்கடம். அந்தப் புகையில் விடாமல் கத்தினால் என்ன ஆகும்? மஞ்சித்தின் குரல் முதலில் கரகரத்தது. அப்புறம் கீச்சென்றது. அப்புறம் வாய் மட்டும் அசைந்தது. அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். பக்கத்தில் ஓடி வந்து, காற்றாக, "தூ போல்" என்றாள். நீ சொல்லு.

"எப்போன்னு?"

தன் கையை மேலே தூக்கிக் காட்டினாள். இறக்கிக் காட்டினாள். அவள் கையைப் பார்த்து நான் கத்த வேண்டும். அதாவது முடிவு அவளுடையது, தொண்டை என்னுடையது.

நான் ஆசைப்பட்ட வேலை இப்படியா கிடைக்க வேண்டும்? லவுட் ஸ்பீக்கராக?

கத்தினேன். அவள் கை தூக்கினால் ஏறு, தாழ்த்தினால் இறங்கு. ஆட்டம் முடியும் தறுவாயில் ஜனக்புரிக்காரர்கள் நடு மைதானத்தில் பந்தைப் பிடித்துவிட்டார்கள். பிருந்தா எங்கள் வரிசையை ஒட்டிப் பதுங்கி நிற்கிறாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பந்துதான். அது இதோ தலைக்கு மேல் வரப்போகிறது. இறங்கு என்று உடம்பு முழுக்கச் சொல்கிறது. பின்னால் ஓடு, விழு, புரள், தடு.

மஞ்சித்தைப் பார்த்தேன். அவள் கை மேலே.

அவள் தப்பு என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. என் இஷ்டத்துக்கு ஒரு வார்த்தை கத்தியிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. புகையில் யார் கையை யார் பார்த்தார்கள்?

"ஏறு" என்று கத்தினேன்.

நாலு பேரும் ஏறினோம். என் கால் இரண்டும் பின்பக்கம் போகத் துடிக்க, நான் அவற்றை முன்பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினேன். பந்து எங்கள் தலைக்கு மேலே போனது. பிருந்தா தனியாகப் பறந்து போய் வலைக்குள் அடித்தாள். ஜனக்புரி குதித்தது. எனக்கு உயிர் போய்விட்டது.

திரும்பிப் பார்த்தால் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கியபடி நிற்கிறார். ஆஃப்சைட். கோல் இல்லை.

கோல் எதுவும் விழாமல் டிரா. ஜனக்புரியிடம் கோல் வாங்காமல் நாங்கள் வெளியே வந்தது இதுதான் முதல் தடவை. பல் டாக்டர் அழுதார். பேரப்பிள்ளை எடுத்தவர் தரையில் படுத்துவிட்டார். எல்லோரும் போய் மஞ்சித்தின் முதுகில் தட்டினார்கள். மேட்சை மொபைலில் எடுத்த யாரோ குரூப்பில் போட்டார்கள்: 'நம் மஞ்சித்தின் டிஃபென்ஸ்'. வீடியோ முழுக்கக் கேட்பது என் குரல். அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

டீக்கடையில் மஞ்சித் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு, காதருகில் வந்து, காற்றுக்குரலில் ஹிந்தியில் சொன்னாள்.

"அந்தக் கடைசி பந்து… கையைத் தூக்கிட்டேனே தவிர, எனக்குப் பயம்தான்டி. நீ கத்தினதும்தான் சரின்னு தோணிச்சு."

அவள் தோளில் கை போட்டுக்கொண்டேன். அந்த நிமிஷம் பொறாமை இல்லை. டீ ஆறும்வரை இல்லை. அப்புறம் கோச் வந்து, அடுத்த மேட்சிலிருந்து மஞ்சித்தான் கேப்டன் என்றார். வந்துவிட்டது.

எதிர் டவரில் பி.எம்.டபிள்யூ வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் ஆவதில்லை. கூடப் படித்தவள் அமைச்சகத்தில் செயலாளராகிவிட்டாள். சந்தோஷம். தூரத்தில் இருப்பவர்களிடம் நாம் எவ்வளவு பெருந்தன்மையாக இருக்கிறோம்… நம் வரிசையிலேயே, நம் தோளுக்குப் பக்கத்தில் நிற்பவள் ஓரடி முன்னே வைத்தால்தான் எரிகிறது. இத்தனைக்கும் அவள் நமக்கு ரொம்ப வேண்டியவளாக இருப்பாள்.

மஞ்சித்தை நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஒரு வாரம் பேசக் கூடாது, குரல் தானாக வந்துவிடும், சில பேருக்கு இன்னும் ஒரு வாரம்கூட ஆகலாம் என்றார் டாக்டர். அடுத்த மேட்ச் வருகிற ஞாயிறு. சீக்கிரம் குணமாக வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை குணமானால் போதும்.