பிரேக் அம்மாவின் பெருந்தமனி

பிரேக் அம்மாவின் வயிற்றுக்குள் ஒரு துணிக்குழாய் இருக்கிறது. கம்பி வளையங்கள் வைத்துத் தைத்து, கையால் ஓட்டைகள் போட்ட குழாய். உடம்பு எப்படி என்று யாராவது கேட்டால், "எஞ்சின் பழசு, பைப் புதுசு" என்பார். உடனே பேச்சை மாற்றிவிடுவார். அந்தக் குழாய் உள்ளே போன கதையைச் சொல்ல ஆரம்பித்தால், மருமகனை 'டா' போட்டுத் திட்டியதையும் சொல்ல வேண்டிவரும்.

கணவரும் அவரும் சேர்ந்து தொடங்கிய டிரைவிங் ஸ்கூல் அது. கணவர் போன பிறகு தனியாக நடத்திவந்தார். பயிற்சி வண்டியில் சொல்லித்தருபவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அதை மிதித்து மிதித்து வாங்கிய பெயர்தான் பிரேக் அம்மா. வீட்டில் டிவி பார்க்கும்போது திரையில் ஒரு கார் வேகமாக வளைந்தாலே அவர் கால் தரையை அழுத்தும். குரலோ வண்டிக்குள் அடங்காது. "இண்டிகேட்டரப் போடு!" என்று அவர் கத்தினால், எதிரே வருகிற வண்டிக்காரனும் சேர்ந்து போடுவான்.

ஒவ்வொரு மாணவரும் இறங்கிப்போனதும் வண்டியில் சாய்ந்துகொண்டு ஒரு சிகரெட். பிரஷர் மாத்திரை ஞாபகம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஒருநாள் மத்தியானம் அவர் படுத்திருந்தபோது, பக்கத்தில் படுத்த மகள் அம்மாவின் வயிற்றில் கை வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, வயித்துல என்னமோ குதிக்குது!"

"இந்த வயசுல புள்ளையா இருக்கப்போகுது? சும்மா படுடி."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மருமகன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். ஊரார் கண்ணையெல்லாம் சோதிப்பவன், ஸ்டியரிங்கைப் பிடித்தால் தன் கண்ணை மூடிக்கொள்வான். லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகும்போதெல்லாம் தோற்றான். ஒருமுறை தேர்வாளர் பாதி வழியில் இறங்கி நடந்தே போய்விட்டார், அதுதான் சீக்கிரம் என்று. மாமியாரே சொல்லிக்கொடுக்கலாம்தான், ஆனால் மரியாதை குறுக்கே நின்றது. மற்றவர்களிடம் "கிளட்ச்!" என்று ஒரே சொல்லில் முடிவது இவனிடம், "மாப்பிள்ளை, சிரமமில்லேன்னா கிளட்ச கொஞ்சம் மிதிக்கிறீங்களா?" என்று நீண்டுவிடும். கேள்வி முடிவதற்குள் வண்டி அணைந்துவிடும்.

அன்று காலையும் அப்படித்தான் பாடம் நடந்துகொண்டிருந்தது. பாலத்தின் ஏற்றத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது, முதுகுக்குள் யாரோ துணியைப் பிடித்துக் கிழித்ததுபோல ஒரு வலி வந்தது. இடது விலாவைச் சுற்றி வயிற்றுக்கு இறங்கியது. உடம்பெல்லாம் வேர்த்துச் சில்லிட்டது. பிரேக்கின்மேல் எப்போதும் இருக்கும் கால் தானாக விலகிவிட்டது.

"மாப்பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"யாருக்கு அத்தை?"

"உங்களுக்கா பின்ன? எனக்குத்தான்."

திரும்பிப் பார்த்தவனுக்கு மாமியாரின் முகம் சுண்ணாம்பாகத் தெரிந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்தான். ஆனால் பின்னால் பாலம் முழுக்க வண்டிகள். முன்னால், இறக்கத்தின் முடிவிலேயே ஆஸ்பத்திரிக் கட்டடம் தெரிந்தது. போனை மடியில் போட்டுவிட்டு முதல் கியரில் உருட்டினான். எருக்குழியில் மாட்டியதுபோல வண்டி நகர்ந்தது.

"ரெண்டாவது கியர் போடுங்க, மாப்பிள்ளை."

"போடலாமா அத்தை? இறக்கம் வருதே..."

அங்கேதான் அது நடந்தது. "போடுடா, எருமை! நான் செத்த பிறகு போடலாம்னு இருக்கியா?"

மருமகன் போட்டான். அடுத்ததையும் போட்டான். வாழ்நாளில் முதல்முறையாக ஹாரனை அழுத்தினான், அழுத்திய கையை எடுக்கவே இல்லை. அவசரப் பிரிவின் வாசலில் இரண்டு ஆம்புலன்ஸ்களுக்கு நடுவே, அளந்து வைத்ததுபோல வண்டியைச் சொருகினான்.

"இதை டெஸ்ட்ல பண்ணிருக்கலாமில்ல?" என்று கேட்டுவிட்டு பிரேக் அம்மா மயங்கினார்.

ரத்தமும் மருந்தும் ஏற்றி, ஸ்கேன் எடுத்தபோது அவருக்கு நினைவு திரும்பியிருந்தது. மகளும் வந்துவிட்டாள். ரத்தக்குழாய் அறுவை மருத்துவர், குள்ளமான ஒரு பெண்மணி, படத்தைக் காட்டி விளக்கினார். இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனி வயிற்றில் வீங்கி, பலவீனமான இடத்தில் கிழிந்திருக்கிறது. சுற்றியுள்ள சதை மூடிபோல அழுத்திக்கொண்டிருப்பதால்தான் இன்னும் உயிர் இருக்கிறது.

"டயர் பக்கவாட்டுல புடைக்குமே, அப்படியா?" என்றார் படுக்கையில் இருந்தவர்.

"அதேதான். ஆனா நீங்க கத்தக்கூடாது. பிரஷர் ஏறினா மூடி திறந்துடும்."

"நான் கத்தவே இல்லையே!"

"இதுதான்மா கத்தறது."

பிரேக் அம்மா குரலைத் தாழ்த்தினார். அவர் கிசுகிசுத்து மகள் கேட்டதே இல்லை. அதைக் கேட்டபிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வயிற்றைத் திறந்து சரிசெய்ய, சிகரெட் தின்ற நுரையீரல் தாங்காது. தொடை இடுக்கு வழியாக மடித்த துணிக்குழாய் ஒன்றை உள்ளே கொண்டுபோய், கிழிந்த இடத்தில் விரித்துவிடலாம். அதிலும் ஒரு சிக்கல். வீக்கம் இருப்பது சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் கிளைகள் பிரிகிற இடத்தில். சாதாரணக் குழாயை வைத்தால் கிளைகளெல்லாம் அடைபடும். அளவெடுத்து ஓட்டைகளோடு செய்து வாங்க வாரக்கணக்கில் ஆகும்.

"அதனால கையில இருக்கற குழாயை எடுத்து நாங்களே ஓட்டை போடப்போறோம்" என்றார் மருத்துவர்.

"ஓட்டையா?" என்றான் மருமகன்.

"ரெடிமேட் வாங்கி ஆல்டர் பண்றாங்க, மாப்பிள்ளை" என்று மாமியார் கிசுகிசுத்தார். பிறகு மருத்துவரிடம், "நீங்க கார் ஓட்டுவீங்களா?"

"ஐயோ, பயம்மா. பஸ்லதான் வர்றேன்."

"ரத்தக்குழாய்க்குள்ள ஓட்டப் பயமில்லையா?"

"அதுல எதிர்ல யாரும் வரமாட்டாங்களே."

சிரித்தால் வலித்தது. ஆனாலும் சிரித்தார். பிறகு மருத்துவர் சிரிக்காமல் சொல்லவேண்டியதையும் சொன்னார். சிறுநீரகம் கெடலாம், கால்கள் செயலிழக்கலாம், மேசையிலேயே உயிர் போகலாம். செய்யாவிட்டால் போவது நிச்சயம். மகள் சம்மதம் தெரிவித்தாள்.

ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகும்போது மாமியார் மருமகனைக் கிட்டே கூப்பிட்டார்.

"உங்கள டா போட்டுட்டேன்."

"எருமைன்னும் சொன்னீங்க, அத்தை."

"அதையும் மனசுல வச்சுக்காதீங்க."

"இதுக்கு மேல என்னை 'நீங்க'ன்னா வண்டியே ஓட்டமாட்டேன்" என்றான்.

உள்ளே மருத்துவர் குழாயைக் கிருமிநீக்கிய மேசையில் பாதி விரித்தார். ஸ்கேன் படத்தைப் பார்த்துக் கிளைகள் இருக்கும் இடங்களைக் குறித்தார். சூடான முனையால் துணியில் ஓட்டைகளைச் சுட்டார். ஓரம் பிரியாமலிருக்கவும், எக்ஸ்ரே திரையில் தெரியவும், மெல்லிய கம்பி வளையங்களைச் சுற்றித் தைத்தார். மறுபடி மடித்து உறைக்குள் தள்ளி, உள்ளே செலுத்தினார். ஓட்டைக்கு ஒன்றாகக் கம்பியை நுழைத்து, அந்தந்தக் கிளைக்குள் சின்னக் குழாயைப் பதிக்கவேண்டும். மூன்று கிளைகள் சொன்னபடி கேட்டன. இடது சிறுநீரகத்துக்குப் போகிற கிளை மட்டும் அடம்பிடித்தது. கம்பி போவதும் நழுவுவதுமாக இருந்தது. கம்பியை மாற்றி, கோணத்தை மாற்றி, கடைசியில் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

சாயங்காலம் மருத்துவர் வெளியே வந்து, "எல்லாக் கிளையிலயும் ரத்தம் ஓடுது" என்றார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மருமகன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் கண் விழித்த பிரேக் அம்மாவுக்குக் கால்கள் அசையவில்லை. குழாய் விரிந்ததில் முதுகுத்தண்டுக்குப் போகும் ரத்தம் குறைந்துவிட்டது என்றார்கள். இப்போது பிரஷரை ஏற்றவேண்டும், முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள நீரைக் கொஞ்சம் வடிக்கவேண்டும். "நேத்து ஏத்தாதேன்னீங்க, இன்னைக்கு ஏத்துங்கறீங்க. முடிவு பண்ணிட்டு வாங்க" என்றார் பிரேக் அம்மா. ஆனால் கண்கள் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தன.

மருமகன் ஒரு யோசனை செய்தான். கால்மாட்டில் நின்றுகொண்டு திடீரென்று, "அத்தை, லாரி!" என்று கத்தினான். சினிமாவாக இருந்தால் அந்தக் கால் பிரேக்கை மிதித்திருக்கும். இங்கே ஓடி வந்தது நர்ஸ்தான். அவனுக்கு வெளியே போகும் வழியைக் காட்டினாள்.

அடுத்த நாள் காலை அதே நர்ஸ் பரிசோதிப்பதற்காக வலது கட்டைவிரலை அழுத்திக் கிள்ளினாள். "யாருடி அது!" என்ற சத்தம் அடுத்த வார்டுக்குக் கேட்டது. விரல் துள்ளி விலகியிருந்தது. இடது கால் இன்னும் கொஞ்சம் தாமதித்து வந்தது. நடைவண்டியைப் பிடித்துத் தாழ்வாரத்தில் நடக்கக் கற்றபோது, பயிற்சி தருகிறவர் சொன்ன எதையும் கேட்காத மாணவியாக இருந்தார்.

வீட்டுக்குத் திரும்பிய நாளில் மகள் வண்டியை ஓட்டினாள். பிரேக் அம்மா பின் இருக்கையில், மருமகனுக்குப் பக்கத்தில். மகள் திட்டு வாங்கத் தயாராகக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினாள். ஒரு சத்தமும் இல்லை. அடுத்தவர் ஓட்டும் வண்டியில் கண்ணே மூடாதவர், வாயைத் திறந்துகொண்டு மருமகன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. மகள் கதவைத் திறந்து, "இறங்குங்க, வந்தாச்சு" என்றாள்.

மருமகன் தோளை அசைக்காமல், "நீ போய்ச் சமையலப் பாரு" என்று உதட்டை மட்டும் அசைத்தான். "நாங்க மெதுவா வர்றோம்."