கயிற்றுக் கோல்

திண்டிவனத்தில் நாங்கள் காலேஜ் என்று சொன்னது உண்மையில் காலேஜ் இல்லை. வாத்தியார் வேலைக்குப் பயிற்சி கொடுக்கும் பள்ளி. வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் நடத்தினார். விழுப்புரத்திலும் அதே மாதிரி ஒன்று இருந்தது, அதையும் அந்த ஊர்க்காரர்கள் காலேஜ் என்றுதான் சொன்னார்கள். இரண்டும் வருஷத்துக்கு ஒரு தடவை புட்பால் ஆடும். ஒரு வருஷம் அங்கே, மறு வருஷம் இங்கே. கோப்பை என்று எதுவும் கிடையாது. ஜெயித்தவர்கள், தோற்றவர்களின் கோல் கம்பத்திலிருந்து குறுக்குமரத்தைக் கழற்றி, ரயிலில் கார்டு வண்டியில் போட்டுத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதைத் திரும்ப ஜெயிக்கும்வரை தோற்றவர்கள் வேறு மரம் வைக்கக் கூடாது. அந்த இடத்தில் தேங்காய்நார்க் கயிறுதான் கட்ட வேண்டும். கயிற்றையும் ஜெயித்தவர்களே வாங்கி மஞ்சள் தடவிக் கொடுப்பார்கள். அதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம்.

எங்கள் மைதானத்தில் ஸ்டேஷன் பக்கத்துக் கோலில் அப்போது கயிறுதான் தொங்கியது. கோயில் பக்கத்துக் கோலில் மட்டும் மரம் மிச்சம்.

கயிற்றில் ஒரு தொல்லை உண்டு. மரத்தில் பட்டால் பந்து திரும்பி வரும். கயிற்றில் பட்டால் கயிறு ஆடும், பந்து பின்னால் போய்விடும். மேலே போனதா கீழே போனதா என்று யார் சொல்வது? இதனால் ஒரு தடவை மண்டை உடைந்து, அதற்குப் பிறகு இரண்டு ஊர்ச் சாமியார்களும் பேசி ஒரு வழக்கம் வைத்தார்கள். கயிறு ஆடினால், அந்தக் கோலைக் காக்கும் கோலி சொல்வதுதான் தீர்ப்பு. சொல்லும் கோலி கிறிஸ்தவப் பிள்ளை, பொய் சொல்ல மாட்டான் என்ற நம்பிக்கை. அதுவரை எந்தக் கோலியும் கோல் என்று சொன்னதில்லை. கயிற்றில் பட்ட பந்தெல்லாம் மேலேதான் போயிருந்தது.

அந்த வருஷம் எங்கள் ஊர்க் கோலி என் அண்ணன்.

எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது இருக்கும். எதற்கும் பயப்படுவேன். பந்து அண்ணன் மார்பில் பட்டு மூச்சு நின்றுவிடுமோ, சாமியார் ஓடும்போது அங்கி தடுக்கி விழுந்து விசிலை விழுங்கிவிடுவாரோ, இப்படி. அந்த வருஷம் இதற்கெல்லாம் மேலே அக்கா கல்யாணமும் சேர்ந்துகொண்டது.

விழுப்புரத்துக் கட்சியின் முன்னாட்டக்காரர் எங்களுக்கு மாமா முறை, அம்மா வழியில் தூரத்து உறவு. அக்கா அவருக்கு என்று பேச்சு. பேச்சு மட்டும்தான் இருந்தது, பாக்கு வெற்றிலை மாற்றவில்லை. முந்தின வருஷம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மாமா ஒரு சபதம் போட்டார்.

"உங்க ஊரு ரெண்டாவது மரத்தையும் தூக்கிக்கினு போற அன்னிக்குத்தான் தட்டு மாத்துறது. அதுவரைக்கும் பேச்சே கிடையாது, ஆமா!"

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சத்தமாகப் பேசுகிறவர் அவர். சாப்பிடும்போது, உப்பு பத்தலை என்று தட்டை இடது கையால் தள்ளிவிட்டு அதற்கும் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அவர் வந்தாலே அக்கா கொல்லைக்குப் போய்விடுவாள். வெட்கம் என்று அம்மா சொன்னாள்.

அப்பா, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மண்டியில் எடை போடுவதோடு சரி. அம்மாதான் தவித்தாள். விளையாட்டுக்குச் சொன்னது சபதமாகி, சபதம் ஊர்ப்பேச்சாகி, மாப்பிள்ளை வீட்டார் அதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டு தள்ளிப்போட்டார்கள். ஆட்டத்தன்று காலையில் அண்ணனுக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கேப்பைக் கூழ் ஊற்றினாள்.

"போதும்மா. வவுறு முட்டிக்கினா எப்படித் தாவுறது?"

"தாவி இன்னாத்தக் கட்டிக்கப் போற? அந்த மரம் எத்தினி வருசமும் நிக்கும், உங்கக்கா வயசு நிக்குமாடா?"

அண்ணன் கூழைக் குடித்து முடித்தான்.

அக்கா மட்டும் எங்கள் ஊர்ப் பக்கம். ஜெர்மன் சண்டைக் காலம், மெழுகுவத்திக்குத் தட்டுப்பாடு. எங்கெங்கோ துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்து, அந்த வாரம் முழுவதும் சாயங்காலத்தில் என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய், அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் முழங்கால் போட்டாள். திண்டிவனம் தோற்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ளச் சொன்னாள். பந்தை எந்தப் பக்கம் உதைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. அண்ணன் மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்து, நானும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வேண்டினேன்.

விழுப்புரத்துக்காரர்கள் மேளத்தோடு ரயிலிலிருந்து இறங்கினார்கள். கையோடு மஞ்சள் தடவிய புதுக் கயிறு ஒரு சுருள். மைதானத்துக்கு வந்ததும், எங்கள் பழைய கயிற்றில் ஒருவன் தன் ஈரத் துண்டைக் காயப்போட்டான்.

"இன்னொரு கயிறும் கொண்டாந்துட்டோம்! இனிமே ஊரு துணியெல்லாம் இங்கயே காயப் போடலாம்!"

"போங்கடா ஜங்ஷனுங்களா! ரயிலு ஊதுனாதான் ஓடத் தெரியும் உங்களுக்கு!" என்று எங்கள் பக்கத்திலிருந்து கத்தினார்கள்.

நான் கூட்டத்துக்குப் பயந்து கயிற்றுக் கோலுக்குப் பின்னால், கள்ளி வேலி ஓரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். இடைவேளை வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. இடைவேளைக்குப் பிறகு அண்ணன் கயிற்றின் கீழ் வந்து நின்றான். அவன் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. வந்ததையெல்லாம் பிடித்தான். கூழ் ஒன்றும் செய்யவில்லை.

வெயில் சாயும்போது மாமா இரண்டு பேரைத் தாண்டி வந்து உதைத்தார். அண்ணன் தாவினான். பந்து கயிற்றுக்கு மேலே வந்தது. நன்றாக மேலே. என் தலையையும் தாண்டிக் கள்ளியில் போய் விழுந்தது. ஆனால் தாவின வேகத்தில் அண்ணனின் விரல் கயிற்றில் மாட்டி, கயிறு ஊஞ்சல் மாதிரி ஆடியது. முன்னால் நின்றவர்கள் கண்டது அந்த ஆட்டத்தைத்தான்.

"கோல்! கோல்!" என்று விழுப்புரம் குதித்தது. சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடிவந்தார். எங்கள் ஊர்க்காரர்கள் கவலைப்படவே இல்லை, பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். கோலி என்ன சொல்வான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"சொல்லப்பா. மேலா, கீழா?"

அண்ணன் ஆடுகிற கயிற்றைக் கையால் பிடித்து நிறுத்தினான். மாமாவை ஒரு தடவை பார்த்தான்.

"கீழ, சாமி. கோல்தான்."

அந்த ஒரு கோலோடு ஆட்டம் முடிய, விழுப்புரத்துக்காரர்கள் கோயில் பக்கத்து மரத்தைக் கழற்றினார்கள்.

தோற்ற கோலி மரத்தின் ஒரு முனையையும், கோல் போட்டவர் மறு முனையையும் தோளில் வைத்து ஸ்டேஷன் வரைக்கும் நடக்க வேண்டும், அதுவும் வழக்கம். அண்ணனும் மாமாவும் எங்கள் தெரு வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். பின்னால் மேளம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அண்ணன் மேல் மண்ணை வாரிப் போட்டார்கள். "அக்காவுக்குச் சீரு குடுத்துட்டான்டோய்!" என்று ஒருவன் கத்தினான்.

எங்கள் வாசலில் மாமா நின்றார். "அக்கா! அடுத்த வாரம் தட்டோட வர்றோம்!" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா மரத்தையே பார்த்துவிட்டு உள்ளே போனாள். அழும் சத்தம் கேட்டது.

"சந்தோசத்துல அழுவுறா," என்றாள் அம்மா.

ஸ்டேஷனிலிருந்து திரும்பிய அண்ணன் தலையெல்லாம் மண்ணோடு சாப்பிட உட்கார்ந்தான். "ஏதோ என்னால ஆனதுக்கா," என்றான். அக்கா சோறு போட்டாள். அவன் போதும் என்ற பிறகும் போட்டுக்கொண்டிருந்தாள்.

சொன்னபடி தட்டு வந்தது, கல்யாணமும் நடந்தது. அக்கா விழுப்புரம் போன பிறகு அடுப்பு என் பங்குக்கு வந்து, ஐந்தாவதோடு என் படிப்பு நின்றது. அதெல்லாம் பின்னால். நான் சொல்ல வந்தது ஆட்டத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

பூசையில் சாமியார் அண்ணனை எழுந்து நிற்கச் சொல்லி, உண்மைக்காகத் தோல்வியை ஏற்றுக்கொண்ட பிள்ளை என்று பிரசங்கம் செய்தார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கோயிலுக்குள்ளேயே சாமியாரை ஏமாற்றியாகிவிட்டது, இவன் நேராக நரகத்துக்குத்தான் போவான். பூசை முடிந்து கிணற்றடியில் அக்கா தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தபோது எனக்குத் தாங்கவில்லை.

"க்கா, அண்ணன் சொன்னது பொய்யிக்கா. பந்து மேலதான் போச்சி. நான் பார்த்தேன்."

அக்காவின் கையில் கயிறு அப்படியே நின்றது. கிணற்றுக்குள் வாளி சுவரில் இடிக்கும் சத்தம் கேட்டது.

"வேற யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்லக்கா."

"சொல்லாத."

எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அத்தனை மெழுகுவத்தி ஏற்றினோமே, அந்தோணியார் ஏன் நம் வேண்டுதலைக் கேட்கவில்லை, நான் ஏதாவது தப்பாக வேண்டிவிட்டேனா என்று கேட்டேன். அக்கா வாளியை மேலே இழுத்துக் குடத்தில் ஊற்றினாள்.

"அவரு செய்ய வேண்டியத செஞ்சிட்டாருடி. பந்த மேலதான அனுப்பினாரு."

அந்தோணியார் மேலும் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே இல்லை. அப்பா மண்டியிலிருந்து கொண்டுவந்திருந்த மல்லாட்டையை மடி நிறைய அள்ளிக்கொண்டு, தெருவில் விளையாட ஓடிப்போனேன்.