கொடிக்கு அருகில் கவிழ்ந்த வண்டி

இணையத்தில் சேர்ந்து ஆடும் விண்வெளி விளையாட்டில் நானும் பொம்மசந்திராவில் இருக்கும் முருகனும் ஒரு கோளைத் தரைவழியே முழுச் சுற்று சுற்றிக்கொண்டிருந்தோம். ஆளுக்கொரு வண்டி, அவரவரே வடிவமைத்தது. கவிழ்ந்தால், சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கக் கூடாது என்பது எங்கள் விதி.

முருகனுக்கு வேலை போய்விட்டது. நாளை கம்ப்யூட்டரை விற்கிறான். இன்றே சுற்றை முடித்தாக வேண்டும்.

புறப்பட்ட இடத்தில் நட்டிருந்த கொடி கண்ணில் பட்டபோது அவன் வண்டி பள்ளத்தில் உருண்டு நொறுங்கியது.

"சேவ் பண்ணதுலருந்து எடுத்துக்கோ முருகா," என்றேன்.

"சும்மா இருங்கக்கா. அதுக்கா இத்தன மாசம் ஓட்டுனோம்? உங்க வண்டில ஏறிக்கிறேன்."

எடை குறையட்டுமென்று இரண்டாவது இருக்கையே வைக்கவில்லை என்று சொன்னேன்.

"சரிக்கா, நீங்களாவது போய்ச் சேருங்க," என்று விளையாட்டிலிருந்து வெளியேறிவிட்டான்.

கொடியருகே தனியாக நிற்கிறேன். இந்த விளையாட்டில் வண்டி செய்பவர்களே, நீங்கள் எத்தனை இருக்கை வைக்கிறீர்கள்?