மச்சாள் தேர்ந்த ஹார்ட் டிஸ்க்

சாமியறைத் தட்டில் திறந்திருந்த மடிக்கணினிக்குள்ளிருந்து ‘டக்’ என்றொரு சத்தம் வந்தது. சற்று ஓய்ந்தது. பிறகு யாரோ உள்ளே இருந்துகொண்டு தகரத்தை நகத்தால் சுண்டுவதுபோல் மறுபடியும் வந்தது. மார்கழி மாதத்து வெள்ளிக்கிழமை, பொழுதுபடும் நேரம். களுவாஞ்சிக்குடியில் மச்சாளின் வீட்டுப் பின்வேலிவரை வாவித் தண்ணீர் ஏறியிருந்தது. “அத்தான், அவன்ட லெப்டொப் ஒரு மாதிரிச் சத்தம் போடுது. ஒருக்கா வந்து பாருங்க” என்று அவள் தொலைபேசியில் அழைத்ததால் மழையோடு போயிருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் விளக்கைக்கூட ஏற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

மச்சாள் என் தாய்மாமனின் மகள், என்னைவிட இளையவள். ‘அவன்’ என்பது அவளுடைய ஒரே மகன். பனிச்சங்கேணியில் ஒரு கூட்டாளியைப் பார்க்கப் போவதாக அடுத்த வீட்டில் சொல்லிவிட்டுப் போனவன். தாயிடம் அதையும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்துக் கரையிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கென்று ஒரு படகு புறப்பட்ட கதை சில வாரங்கள் கழித்தே எங்கள் காதுக்கு வந்தது. அந்தப் படகு எங்கும் சேர்ந்ததாக இன்றுவரை செய்தியில்லை. எங்கள் குடும்பங்களின் பிறப்பு, இறப்பு, கலியாணம், ஊருக்குள் வெள்ளம் வந்த நாள் எல்லாவற்றையும் தேதியோடு எழுதிவைப்பது என் பழக்கம். திவசத்துக்கு நாள் தெரியாதவர்கள் என்னிடம்தான் வருவார்கள். அவனுக்குப் பிறந்த தேதி இருக்கிறது. வீட்டைவிட்டுப் போன தேதி இருக்கிறது. அதற்குப் பிறகு எழுத என்னிடம் எதுவும் இல்லை.

அவன் விட்டுப்போனவற்றுள் அவனுடைய குரல் இருந்தது அந்த மடிக்கணினியில் மட்டுமே. வாங்கிய புதிதில் கமெரா வேலை செய்கிறதா என்று பார்க்க எடுத்த சிறு வீடியோ அது. முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து தலைமுடியைக் கோதுவான். பின்னால் அடுப்படியிலிருந்து மச்சாளின் குரல் கேட்கும்: “மனே, சோறு ஆறுது.” அவன் திரும்பாமலே, “பொறுங்கம்மா, வாறன்” என்பான். அவ்வளவுதான். ஒவ்வொரு வெள்ளியும் விளக்கேற்றிய பிறகு மச்சாள் அதைப் போட்டுப் பார்ப்பாள். அதை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துத் தருகிறேன் என்று நான் சொன்னபோதெல்லாம் மறுத்துவிட்டாள். அவனுடைய புகைப்படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிடவும் விடவில்லை. சட்டம் வந்தால் அடுத்தது மாலைதான் என்பது அவளுடைய எண்ணம். பிரதி எடுத்து வைப்பதும் அவளுக்கு அதே வரிசையில் வரும் ஒரு காரியமாகத் தெரிந்தது. இறந்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டியை அவனுக்குச் செய்யச் சொல்லி வந்த பெரியவர்களையும் அவள் வாசலோடு அனுப்பியிருக்கிறாள்.

திங்கட்கிழமை இருவரும் பஸ் ஏறி, டவுனில் புளியந்தீவிலுள்ள ஒரு கணினிக் கடைக்குப் போனோம். மச்சாள் மடிக்கணினியைத் துவாயில் சுற்றி, காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அதற்கிடையில் நான் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்து, அது ஹார்ட் டிஸ்க் பழுதாகும் சத்தம் என்று தெரிந்துகொண்டு, பதிலுக்கு என்ன டிஸ்க் வாங்குவதென்று முடிவு செய்திருந்தேன். சுழலும் தட்டில்லாத புதிய வகைதான் நல்லது. வேகம் அதிகம், விழுந்தாலும் தாங்கும், சூடும் குறைவு. எங்கள் உவர்க்காற்றுக்கும் அடிக்கடி போய்வரும் மின்சாரத்துக்கும் எது பொருந்தும் என்றுகூட ஒப்பிட்டு வைத்திருந்தேன்.

கடைக்காரர் காத்தான்குடியைச் சேர்ந்தவர், எதற்கும் ஒரு பகிடி சொல்லிச் சிரிப்பவர். அடிப்பக்கத்து ஆணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினார். கடைக்குள் சாம்பிராணி மணந்தது. விசிறியின் இதழ்களிலும் சூடு வெளியேறும் இடுக்குகளிலும் கறுத்த பிசின் அப்பிக் கிடந்தது.

“இது என்ன சேர், கம்பியூட்டரா குசினி அடுப்பா?” என்றார்.

“சாமிக்குப் போட்ட புகை, தம்பி” என்றாள் மச்சாள்.

“சாமிக்குப் போடுங்க அக்கா. இதுக்கு மூச்சு முட்டாதா?”

மகன் திரும்பி வர வேண்டும் என்ற நேர்த்தியில் அவள் அந்தக் கணினியைச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். வெள்ளிதோறும் வீடெங்கும் காட்டும் சாம்பிராணிச் சட்டியை அதற்கும் காட்டினாள். விசிறி அந்தப் புகையை உள்ளே இழுத்து இழுத்து அடைத்துக்கொண்டது. போக வழியில்லாத சூட்டில் டிஸ்க் வருடக்கணக்காக வெந்திருக்கிறது. மகன் போன விஷயத்தை நான் மெதுவாகச் சொன்னதும் கடைக்காரர் பகிடியை விட்டுவிட்டார்.

இரண்டு டிஸ்குகளை எடுத்து மேசையில் வைத்தார். நான் எண்ணி வந்த வகையையே அவரும் முதலில் காட்டினார். மற்றையது பழையதைப் போலவே சுழலும் தட்டுள்ளது, கனமானது. மச்சாள் இரண்டையும் தொடாமல் பார்த்தாள். வேகத்தைப் பற்றியோ கொள்ளளவைப் பற்றியோ அவள் கேட்கவில்லை. பழுதாகும்போது ஒவ்வொன்றும் எப்படிப் பழுதாகும் என்று கேட்டாள். கடைக்காரர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: புதிய வகை நெடுநாள் உழைக்கும். ஆனால் போவதென்றால் பெரும்பாலும் சத்தமே இருக்காது, இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போட்டால் ஒன்றும் இருக்காது. சுழலும் வகை அனேகமாக முதலில் இப்படி ஒரு சத்தம் காட்டிவிட்டுத்தான் போகும்.

“சொல்லாமப் போறது எனக்கு வேணா, தம்பி” என்றாள் மச்சாள். “சத்தம் போட்டுட்டுப் போறதையே தாங்க.”

நான் வாசித்த எதிலும் இப்படியொரு காரணம் இருக்கவில்லை. கடைக்காரரும் மறுபேச்சின்றிப் புதிய வகையை எடுத்து அலமாரியில் திருப்பி வைத்துவிட்டார்.

பழையதை ஒரு வயரில் தன் கணினியோடு பொருத்தும் முன்பு அவர் எங்களை எச்சரித்தார். இது ஒருமுறைதான் ஓடலாம், அந்த ஒருமுறையில் முதலில் எது வேண்டும்? அவள் வீடியோவைச் சொன்னாள். பிரதி எடுக்கத் தொடங்கியதும் அந்தச் சுண்டல் சத்தம் முன்னைவிடப் பலமாக எழுந்தது. திரையில் பச்சைக் கோடு பாதிக்கு மேல் வந்து நின்றது. கடைக்காரர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். வெளியே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. பிறகு கோடு நகர்ந்து முடிவுக்கு வந்தது. அவர் வீடியோவைத் திறந்தார். முகம் வந்தது. தலைமுடியைக் கோதினான். “மனே, சோறு ஆறுது” என்று மச்சாளின் குரல் அந்தக் கடைக்குள் கேட்டது. அவன் வாயைத் திறந்தான். படம் சதுரம் சதுரமாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது.

இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார் கடைக்காரர். மிச்சம் வந்தாலும் வரும், ஊசி தட்டில் உரசினால் உள்ளே உள்ளதெல்லாம் அழிந்தும் போகும். கொழும்பில் திறந்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் உறுதி சொல்ல மாட்டார்கள். முயல்வோம் என்றுதான் என் வாயில் வந்தது. மச்சாள் எனக்கு முந்திக்கொண்டாள். “வேணா தம்பி. கழட்டித் தாங்க.”

திரும்பி வரும்போது கல்லடிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றது. கீழே வாவி சேற்று நிறத்தில் நிறைந்து ஓடியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அதுக்குள்ள அவன் வாறன் எண்டு சொல்லிக்கிட்டுத்தான் இரிக்கான். நாம கேக்கப்போய் அதுவும் இல்லாமப் போனா?”

ஆண்டுகள் சில ஓடிவிட்டன. புதிய டிஸ்க் பழுதில்லாமல் சுழல்கிறது. புகைச் சட்டியை மச்சாள் இப்போது அந்தப் பக்கம் கொண்டுபோவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் அந்த வீடியோவைப் போடுவாள். வாய் திறந்த இடத்தில் அது நிற்கும். சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு மூடியைச் சாத்துவாள். பழைய டிஸ்க் நேர்த்திக்காசு முடிவதுபோல் மஞ்சள் துணியில் முடிந்து சாமித் தட்டில் இருக்கிறது. மாதத்துக்கொரு முறை அதை அவிழ்த்துத் துடைத்துக் கொடுப்பது என் வேலை. இந்த மாரியில் ஆணித் தலைகளில் துரு ஏறியிருக்கிறது. செருகும் பற்களின் ஓரத்தில் பச்சையாய் ஏதோ பூத்திருக்கிறது. ஓடாமல் சும்மா வைத்திருந்தாலும் உள்ளே ஊசி ஒட்டிப்போகலாம், எழுதியது மெல்ல மெல்ல மங்கலாம் என்று வாசித்திருக்கிறேன். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. நான் துடைக்கும்போது அவள் என் கையையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள்.

“அது அப்பிடியே இரிக்கும்தானே, அத்தான்?”

துருப்பிடித்த பக்கம் கீழே வரும்படி துணியில் வைத்து முடிந்து, அவள் கையில் கொடுத்து, “ஓம்” என்கிறேன்.