என் பெயரில் ஒரு கைத்துப்பாக்கி

லைசென்ஸ் என் பெயரில்தான் வந்தது. என் கணவருடைய வலது கை அதற்குள் உதவாமல் போயிருந்தது.

செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருந்தது. கீரை போட்டிருந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சுற்றியிருந்த வயல்களிலெல்லாம் மனைக்கல் நட்டாகிவிட்டது. மனை போடுகிறவர்கள் மூன்று தடவை வந்து கேட்டார்கள். மூன்று தடவையும் இவர் முடியாது என்றார். பிறகு கேட்க யாரும் வரவில்லை. ஒரு காலை, தாம்பரம் மார்க்கெட்டுக்குச் சைக்கிளில் கீரைக்கட்டு கொண்டுபோனவரை வழிமறித்து வெட்டினார்கள். உயிர் தப்பியது. வலது கை விரல்கள் அதன்பின் மடங்கவே இல்லை. வெட்டியவர்கள் ஜாமீனில் வந்து எங்கள் தெருமுனை டீக்கடையிலேயே உட்கார்ந்தார்கள்.

"துப்பாக்கிக்கு எழுதிப் போடலாம். என் கையப் பாத்தா குடுக்க மாட்டாங்க, உம் பேர்ல போடு" என்றார் இவர்.

விசாரிக்க வந்த ஏட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சுடத் தெரியுமாம்மா?"

"தெரியாது சார்."

"அப்பறம் எதுக்கு?"

"எங்க வூட்ல ஒண்ணு கீதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா போதும் சார்."

ஒன்றரை வருடம் அலைந்த பிறகு லைசென்ஸ் கிடைத்தது. என் சங்கிலியை விற்றுவிட்டு மவுண்ட் ரோட்டில் இருந்த துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது புதுசு, சின்னது. என் கைக்கு அளவெடுத்தது போல இருந்தது. விலையைக் கேட்டதும் இவர் சுவரைப் பார்க்கத் தொடங்கினார். அடுத்தது வெளிநாட்டுச் சரக்கு. அதன் விலை அதைவிட மோசம்.

"அதுக்குக் கீழ எதுனா கீதா சார்?" என்றேன்.

கடைக்காரர் தயங்கி, அடி டிராயரிலிருந்து ஒரு பழைய ரிவால்வரை எடுத்தார். கறுப்பெல்லாம் தேய்ந்து, பிடிக் கட்டை விரிசல் விட்டிருந்தது. குண்டு இல்லை என்று திறந்து காட்டிவிட்டு என்னிடம் கொடுத்தார். அம்மிக் குழவியைப் பிடித்தது போலக் கை தாழ்ந்தது. விசையை ஒரு விரலால் இழுத்தேன்; அசையவில்லை. இரண்டு விரலால் இழுத்ததும் கையே நடுங்கியது.

"உங்க கைல நிக்கலியேம்மா. இது வேணாம். கொஞ்சம் பணம் சேத்துக்கிட்டு வாங்க" என்றார் அவர்.

"அதுக்குள்ள எங்கள முடிச்சிடுவாங்க சார்" என்றார் இவர். அதையே வாங்கினோம்.

சேதி ஊருக்குள் பரவியது. டீக்கடையில் இருந்தவன், "அக்கா, துப்பாக்கி வாங்கிக்கினு வந்தீங்களாமே" என்று மரியாதையாகவே கேட்டான். அதற்குப் பிறகு எங்களை யாரும் தொடவில்லை. எங்களுக்குத் தண்ணீர் வரும் கால்வாயை மட்டும் மண் கொட்டி மூடினார்கள். மனு கொடுத்தோம். கீரை காய்ந்து முடிந்தது. பீரோவில் துப்பாக்கி இருந்தது; சுடுவதற்கு எதிரே யாரும் இல்லை.

இவர் வெளியே போவதை நிறுத்தினார். ஒரு மத்தியானம், "உங்க அண்ணன் வூட்ல நீ இருந்துக்குவியா?" என்று கேட்டார். சற்று நேரம் கழித்து, "பீரோ சாவி குடு" என்றார்.

"எதுக்குங்க?"

"சும்மா, பாக்கணும்."

முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இடுப்பில் சாவி இருக்கும்போதே காணோம் என்றேன். அவருக்கும் புரிந்தது. "நான் இருந்து இன்னா பண்ணப் போறேன்?" என்று வாய்விட்டு அழுதார். பொழுது சாயும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த மாதமே தேர்தல் அறிவித்தார்கள். லைசென்ஸ் உள்ளவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முதல் ஆளாகப் போய்க் கொடுத்தேன். தேர்தல் முடிந்ததும் வாங்கிக்கொள்ளச் சொல்லி ஆள் வந்தது. நான் போகவில்லை. "இன்னும் தரலீங்க" என்று இவரிடம் பொய் சொன்னேன். இரண்டு மூன்று தடவை கேட்டார், அப்புறம் விட்டுவிட்டார்.

அடுத்த வருடம் நிலத்தை அவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, படப்பையில் வாடகை வீட்டுக்குப் போனோம். அங்கே மாதக்கணக்கில் இவர் வாயே திறக்கவில்லை. ஒருநாள் இடது கையால் ஒரு வாய் அள்ளிப் போட்டவர், "கொழம்புல உப்பு கம்மி" என்றார். உப்பு எடுக்கிற சாக்கில் சமையற்கட்டுக்குள் போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.